பதினாலு புள்ளி, ஒன்பது கோடு

சாவிக்காரிக்குப் பொய் சொல்கிறவன்மேல்கூட அவ்வளவு கோபம் வராது. கதை அளக்கிறவனைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்றாவது தெரியும், இந்தக் கதை அளக்கிற ஜென்மங்களுக்கு அதுவும் தெரியாது என்பாள். சந்தை வாசலில், மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கவேண்டிய இடத்தில், இருபத்திரண்டு வருஷமாகச் சாவி வெட்டுகிறாள். விரல் இடுக்கெல்லாம் பித்தளைத் தூள். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அவள் ஒருத்தனை ஏற இறங்கப் பார்த்தால், கையில் இருப்பது தன் வீட்டுச் சாவிதானா என்று அவனுக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிடும்.

தொழிலில் அவள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வெட்டிக் கொடுத்த சாவிக்கு இன்னொரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. ஒரு சாவியின் பல் வரிசையை ஒரு தடவை பார்த்தால் மாதக்கணக்கில் அவள் கண்ணிலேயே நிற்கும், நினைப்பிலிருந்தே திரும்ப வெட்டிவிடுவாள். ஆனால் வெட்டமாட்டாள். இந்தச் சட்டம் பின்னால் அவளுக்கே வினையாக வந்தது, அதனால் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அவள் வீட்டுக்காரர் ஊருக்கு வெளியே இருக்கிற அரசாங்க ஆராய்ச்சி வளாகத்தில் ஃபிட்டராக இருந்தார். குழாய், வால்வு, கசிவு, இதுதான் அவர் உலகம். வளாகத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரச் சுவர், அதன்மேல் முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு காவல். இவ்வளவு இருந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? வானத்திலிருந்து விழுந்த பறக்கும் தட்டை உள்ளே பிரித்துப் போட்டிருக்கிறார்கள் என்பார் ஒருத்தர். வேற்றுக்கிரகத்து ஆளையே ஐஸில் வைத்திருக்கிறார்கள் என்று கண் மூக்கு வைத்துப் பேசுவார் இன்னொருத்தர். சில நாள் காலையில் சுவருக்கு மேலே வெள்ளைப் புகை எழும்பும், தரை லேசாக அதிரும்.

கல்யாணமான புதிதில் அவள் கேட்டாள், "என்னங்க அது?"

"நைட்ரஜன். அதைக் குளிரவச்சு, தண்ணி மாதிரி ஆக்கி, பெரிய மெஷின் சூடாகாம இருக்க ஊத்துறாங்க. புகை அதோட ஆவி. அதிர்றது கம்ப்ரஸர். அதுல அடி போல்ட் லூஸு, நானும் சொல்லிட்டே இருக்கேன்."

அந்த மனுஷன் வாழ்க்கை முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். புகார்ப் புத்தகத்தில் எழுதினால் அடுத்த வாரம் அந்தப் பக்கமே இருக்காது. வாயால் சொன்னால் "எப்பய்யா சொன்னே?" என்பார்கள். யோசித்து யோசித்து ஒரு வழி பிடித்தார். ஒரு பழுதைப் போய்ச் சொல்லிவிட்டு வந்ததும், பழுதான சாமான்மேலேயே சென்டர் பஞ்சை, அதாவது ஆணிமுனை மாதிரி இருக்கிற எஃகுத் துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. ஒரு புள்ளி விழும். மேலே இருக்கிறவர் "பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பினால், புள்ளிக்குப் பக்கத்தில் உளியால் ஒரு சின்னக் கோடு. "காகிதத்தைக் கிழிச்சிடுறாங்க. இதைக் கிழிக்கட்டும் பாப்போம்" என்பார்.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டு ஓனரிடம் ஏழு தடவை சொன்னார், ஏழு தடவையும் பாக்கலாம்தான். ஒருநாள் ஓனர் எதற்கோ உள்ளே வந்து, குழாயைப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, அம்மை போட்ட மாதிரி?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் அந்த ஆளுக்கே சிரிப்பு வந்து, மறுநாள் புதுக்குழாய் போட்டுக் கொடுத்தார். பழைய குழாயைச் சாவிக்காரி பித்தளைக் கழிவு டப்பாவில் போட்டு வைத்தாள்.

எட்டு மாசத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு அவர் வளாகத்தின் வால்வுக் குழிக்குள் இறங்கினார், மேலே வரவில்லை. கசிந்த நைட்ரஜன் குழி நிறைய நின்றிருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி. உடம்பில் ஒரு கீறல் இல்லை, தூங்குகிற மாதிரிதான் கொண்டு வந்து கிடத்தினார்கள். மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. "வால்வில் பழுது இருந்ததாக முன்னர் எவரும் தெரிவிக்கவில்லை. ஊழியர் கவனமின்றித் திறந்ததால் நேர்ந்தது. சொந்தக் கவனக்குறைவு."

கவனக்குறைவாம்! வீட்டில் கேஸ் அடுப்பை மூடிவிட்டு வாசல்வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை தொட்டுப் பார்க்கிற மனுஷனுக்குக் கவனக்குறைவு. வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். அந்த ஒரு வார்த்தையை அந்தக் காகிதத்திலிருந்து அடிக்க வேண்டும், அவ்வளவுதான். மேல்முறையீடு எழுதிப் போட்டாள். விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள்.

இந்த நேரத்தில்தான் அவள் கொழுந்தன் கதைக்குள் வருகிறான். வீட்டுக்காரரின் தம்பி, செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். மூன்று வருஷமாகப் பறக்கும் தட்டு, வேற்றுக்கிரகம், ரகசிய சோதனை, மறைக்கப்பட்ட உண்மை என்று வீடியோ போடுகிறான். தெருவில் அவனுக்குப் பேரே தட்டு. "தட்டு வருது, தலையைக் குனி" என்பார்கள். அவன் அதையும் ஒரு மரியாதையாக எடுத்துக்கொள்வான். அண்ணன் இறந்ததும் அவனுக்குக் கட்டுக்கடங்காத கூட்டம் சேர்ந்தது. கீறல் இல்லாத உடம்பு, சுவர், புகை, இதுக்குமேல் என்ன வேண்டும்? அழுதுகொண்டேதான் பேசினான். நடிக்கவில்லை, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சாவிக்காரி அந்த வீடியோ எதையும் பார்த்ததில்லை. விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சாவி வெட்ட வந்த ஒரு டிரைவர், "அக்கா, உங்க கொழுந்தன் கலக்குறாரு பாருங்க" என்று போனை நீட்டினார். திரையில் தட்டு ஒரு கைச்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்திருந்தான், வால்வைத் திறந்து மூடத் திருகுகிற சக்கரம். விளிம்பெல்லாம் நீலமும் மஞ்சளுமாக மின்னியது. "இந்த எழுத்தைப் பாருங்க. இது எந்த நாட்டு மொழியும் இல்ல. நட்சத்திர வரைபடம்" என்று சொல்லிக் கேமராவுக்குக் கிட்டே கொண்டு வந்தான்.

புள்ளி, கோடு. புள்ளி, கோடு. புள்ளி, புள்ளி, கோடு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடியோவை நிறுத்தச் சொல்லி எண்ணினாள். பதினாலு புள்ளி, ஒன்பது கோடு. பதினாலு தடவை போய்ச் சொல்லியிருக்கிறார், ஒன்பது தடவை பாக்கலாம் என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். மிச்சம் ஐந்து தடவை பதிலே இல்லை போலிருக்கிறது. மெஷினை அணைத்துவிட்டு, டிரைவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

தட்டின் கடையில் சக்கரம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கறுப்பு வெல்வெட் துணிமேல் இருந்தது. நடுப்பகுதியைத் துணி மடிப்பு மூடியிருந்தது, விளிம்பு மட்டும் தெரிந்தது. பெட்டிக்குச் சின்னப் பூட்டு. அந்தப் பூட்டுக்கு இரண்டாவது சாவி போன மாசம் அவளேதான் வெட்டிக் கொடுத்திருந்தாள்.

"எங்கே கிடைச்சுது இது?"

"அண்ணி, உக்காருங்க. நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்க தாங்குவீங்களான்னுதான்..."

"எட்டு மாசமா தாங்கிட்டுத்தான் இருக்கேன். எங்கே கிடைச்சுது?"

துக்கம் விசாரிக்க வந்த நாளில், அண்ணனோடு வேலை பார்த்த வெல்டர் சாப்பாட்டுப் பைக்குள் மறைத்துக் கொண்டு வந்து, "பத்திரமா வச்சிருங்க, வேணும்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாராம். "அவர் கை நடுங்குச்சு அண்ணி! எதுக்கு நடுங்கணும்? இந்த நிறத்தைப் பாருங்க. பூமியில எந்த உலோகத்துக்கும் இது வராது."

"கேஸ் வச்சு அறுத்தா எந்த இரும்புக்கும் வரும். நான் மெஷின்ல அழுத்திப் பிடிச்சா உன் ஷட்டர் சாவிக்கே வரும்."

"அப்போ இந்த எழுத்து?"

"எழுத்தா? புள்ளி உங்க அண்ணன் போய்ச் சொன்னது. கோடு அந்த ஆளு பாக்கலாம்னது. எங்க வீட்டுக் குழாய்ல நீயே பாத்துச் சிரிச்சியே, மறந்துட்டியா?"

அவன் பெட்டிமேல் இருந்த தூசியைத் துடைத்தான். பிறகு குரலை இறக்கினான். "நாம அப்படி நினைக்கணும்னுதான் அவங்க செய்றாங்க அண்ணி."

"எவங்க?"

"அதான்... அவங்க."

அவளுக்கு வாயில் வந்ததையெல்லாம் கொட்டத் தோன்றியது, பல்லைக் கடித்துக்கொண்டாள். "இங்க பாரு. ஒன்பது நாள்ல விசாரணை. யாரும் பழுதைச் சொல்லலைன்னு எழுதி வச்சிருக்கான். சொன்னார்ங்கிறதுக்கு உலகத்துல இது ஒண்ணுதான் சாட்சி. குடு, நான் எடுத்துட்டுப் போறேன்."

"இது உலகத்துக்குச் சொந்தம் அண்ணி. உங்ககிட்ட குடுத்தா பிடுங்கிடுவாங்க." அவன் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணன் துருப்பிடிச்ச ஒரு வால்வுக்காகச் செத்துப் போச்சுன்னு என்னைச் சொல்லச் சொல்றீங்களா? அவ்ளோதானா எங்க அண்ணன்?"

"அவ்ளோதான்டா! துருப்பிடிச்ச வால்வுதான். பதினாலு தடவை சொல்லியும் மாத்தாத வால்வு. அதைச் செஞ்சவன் வானத்துல இல்ல, வளாகத்து ஆபீஸ்ல நாலாவது ரூம்ல ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கான். நீ வானத்தைப் பாத்துட்டு நில்லு, அவனுக்கு அதைவிட என்ன வேணும்?"

கல்லில் நார் உரிக்கிற வேலை. கடைசியில் இறங்கி வந்தான், கொடுக்கமாட்டேன், ஆனால் நானே விசாரணைக்குக் கொண்டு வருகிறேன் என்றான். அதுபோதும் என்று அவள் திரும்பினாள்.

வழியிலேயே வெல்டர் வீட்டுக்குப் போனாள். அந்த மனுஷர் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே பேசினார். விபத்து நடந்த மறுநாளே பழைய வால்வை அறுத்தெடுத்துப் புதுசு மாட்டிவிட்டார்கள், அறுத்தவர் அவர்தான், அதன் சக்கரத்தைக் கழற்றி மற்றப் பழைய சக்கரங்களோடு கழிவில் போட்டார்கள், புள்ளியைப் பார்த்துத்தான் அதை எடுத்தார். "நான் வந்து சொல்றேன்மா. ஆனா வெறும் புள்ளி போதாது. ஒவ்வொரு சக்கரத்துலயும் நடுவுல வால்வு நம்பர் அடிச்சிருக்கும். அந்தக் குழி வால்வு பதிவேட்டுல முந்நூத்திப் பதினேழு. நம்பரும் புள்ளியும் ஒரே சக்கரத்துல இருந்தா எவனும் பேச முடியாது."

அவள் உடனே கொழுந்தனுக்குப் போன் போட்டாள். "நடுவுல நம்பர் இருக்கா பாரு."

"நம்பர் விஷயமெல்லாம் அங்கே வந்து சொல்றேன் அண்ணி. அதுல பெரிய விஷயமே இருக்கு."

நம்பர் இருக்கிறது என்று அவள் எடுத்துக்கொண்டாள். அன்றைக்குக் கடையில் உட்கார்ந்து ஒரு வெற்றுச் சாவியைக் கையில் எடுத்தாள். அந்தப் பெட்டிப் பூட்டின் ஐந்து பல்லும் அவள் கண்முன்னால் நின்றன. அரை நிமிஷ வேலை. மத்தியானம் அவன் சாப்பிடப் போகிற நேரத்தில் திறந்து எடுத்துவிடலாம். சாவியை மெஷினில் மாட்டினாள், சுவிட்சில் கை வைத்தாள், கழற்றித் திரும்ப ஆணியில் தொங்கவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்துச் சட்டத்தை இந்தத் தட்டுப் பயலுக்காக மீறணுமா என்று நினைத்தாள்.

விசாரணை இரண்டாவது மாடியில் ஒரு அறையில். நீள மேஜை, நடுவில் விசாரணை அதிகாரி, பக்கத்தில் குறிப்பெடுக்கிற பெண். எதிர்ப் பக்கம் வளாகத்தின் பராமரிப்புப் பொறியாளர், அந்தப் பாக்கலாம் ஆசாமி. இஸ்திரி கலையாத சட்டை, பதிவேடு, ஒரு பேனா. வெல்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தட்டு வெளியே நிற்கிற தன் ரசிகர்களுக்குக் கையசைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தான்.

சாவிக்காரி ஆரம்பத்திலிருந்து சொன்னாள். புத்தகத்தில் பக்கம் கிழிவது, புள்ளி, கோடு, வீட்டு ஓனர், எல்லாம். பழைய குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு விஷயம் ஏறியது, முகத்திலேயே தெரிந்தது. பொறியாளர் முதல் தடவையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

"பதிவேட்டில் அந்த வால்வு முந்நூற்றுப் பதினேழு. சக்கரத்தைக் காட்டுங்க" என்றார் அதிகாரி.

தட்டு பெட்டியைத் திறந்து, துணியை விலக்கி, சக்கரத்தை மேஜைமேல் வைத்தான். நடுப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. ஒரு எண் இல்லை, எண் இருந்த தடம்கூட இல்லை.

சாவிக்காரி குனிந்து பார்த்தாள். தேய்ப்புக் கல்லின் வரி தெரிந்தது, பிறகு எமரித் தாளின் வரி தெரிந்தது. தினமும் அதே வேலை செய்கிறவளுக்குத் தெரியாதா? "நம்பர் எங்கே?" என்றாள்.

"நான்தான் அண்ணி தேய்ச்சு எடுத்தேன்." அவன் அதிகாரியைப் பார்த்து நிமிர்ந்து நின்றான். "அது அவங்க வேணும்னே அடிச்ச பொய் நம்பர் சார். சாதாரண சாமான் மாதிரி தெரியணும்னு. அதை எடுத்தாத்தான் அசல் தெரியும். மூணு நாள் உக்காந்து தேய்ச்சேன்."

"என்ன நம்பர்டா இருந்துச்சு?" அவள் அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "சொல்லு! முந்நூத்திப் பதினேழுதானே? போட்டோ எடுத்தியா?"

"புள்ளியைத்தான் எடுத்தேன். நம்பரை நான் பாக்கவே இல்ல அண்ணி. பொய்யைப் போய் யாராவது மனப்பாடம் பண்ணுவாங்களா?"

வெல்டர் எழுந்து நின்றார். புள்ளியைப் பார்த்துத்தான் எடுத்தேன், கழிவில் ஏழெட்டுச் சக்கரம் கிடந்தது, பயத்தில் நம்பரைப் பார்க்கவில்லை என்றார். பொறியாளர் பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். "சார், புள்ளியை யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் அடிக்கலாம். இந்தம்மா சாவி வெட்டுறவங்க, பஞ்ச், சுத்தியல் எல்லாம் இவங்க கையிலயே இருக்கு. நான் குறை சொல்லல." பிறகு தட்டின் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார், "இது எங்க வால்வோட பாகம்னு நீங்க சொல்றீங்களா?"

சாவிக்காரி கொழுந்தனையே பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொன்னால்கூட அதிகாரி கொஞ்சம் யோசிப்பார். கதவுக்கு வெளியே ரசிகர்கள் போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

"இது வால்வே இல்ல. இது பூமியோடதே இல்ல" என்றான் தட்டு.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கக்கூட இல்லை, களைத்துப்போன மாதிரி குறிப்பெடுக்கிற பெண்ணிடம் சொன்னார், அந்தப் பெண் எழுதினாள். "இனம் தெரியாத பொருள். சான்றாக ஏற்கப்படவில்லை." சொந்தக் கவனக்குறைவு அப்படியே நின்றது.

வெளியே படிக்கட்டில் பொறியாளர் தட்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க வீடியோ எல்லாம் விடாம பாப்பேன். தொடர்ந்து பண்ணுங்க" என்றார். தட்டுக்கு முகமெல்லாம் பல். அவளுக்கு அந்த ஆளின்மேல் வந்த கோபத்தைவிட, கையைக் கொடுத்துவிட்டு நின்றவன்மேல் வந்த கோபம் பெரிது. அன்றைக்கு அந்தச் சாவியை வெட்டாமல் விட்ட தன்மேலும் வந்தது. பெட்டியைத் திறந்து சக்கரத்தை அப்போதே பார்த்திருந்தால், எண் போய்விட்டது என்றாவது தெரிந்திருக்கும், வேறு வழி தேடியிருப்பாள். சட்டமாம் சட்டம். வீட்டுக்குப் போய் அவள் அழவில்லை. வீட்டுக்காரரின் சாமான் பையைக் கொட்டி, பஞ்சையும் உளியையும் எடுத்துத் துணியால் துடைத்து வைத்தாள்.

மறுநாள் காலை ஒன்பது மணி. தெருவில் கடைகள் திறக்கிற நேரம். தட்டு உள்ளே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான், ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. டங் என்று ஒரு சத்தம். பதறிக்கொண்டு குனிந்து வெளியே வந்தான்.

ஷட்டர் தகட்டில், கண் மட்டத்தில், புதுசாக ஒரு புள்ளி வெள்ளையாக மின்னியது. அண்ணி சுத்தியலோடு நின்றாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அண்ணி பண்றீங்க?"

"புகார் சொல்ல வந்திருக்கேன். இது முதல் தடவை. நம்பர் இருந்துச்சு, நான்தான் தேய்ச்சு அழிச்சேன், எங்க அண்ணன் கவனக்குறைவா வேலை பாக்குற ஆளு இல்லன்னு உன் வீடியோவுல உன் வாயால சொல்லணும். உன் பின்னாடி நிக்கிற அத்தனை பேருக்கும் கேக்கணும்."

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். போனில் இன்னும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள், கையால் மூடிக்கொண்டான். "காலங்காத்தால எதுக்கு அண்ணி சண்டை? வீட்டுக்குப் போங்க. பாக்கலாம்."

அவள் உளியை எடுத்து, புள்ளிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கோடு அடித்தாள். பிறகு சாமானைப் பையில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சந்தைப் பக்கம் நடந்தாள்.